தீர விசாரிப்பதே மெய்

சிலப்பதிகாரக் கதையை நாம் அனைவரும் அறிவோம். காற்சிலம்பு ஒன்றை விற்க மதுரைக்கு வந்த கோவலன், கள்வன் எனக் குற்றம் சாட்டப்பட்டான். குற்றம் சாட்டியவன் அரண்மனைப் பொற்கொல்லன். உண்மையில் அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவனே. பாண்டியன் கோவலனை அழைத்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டு சிலம்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. ஒருவன் சொல்லை நம்பி மரண தண்டனை விதித்துவிட்டான். கண்ணகி வந்து தன் சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகே, உள்ளிருந்த பரல்கள் முத்து அல்ல, மாணிக்கம் என்பது தெரிந்தது. அதற்குள் கோவலன் உயிர் போய்விட்டது.

பாண்டியன் கொடியவன் அல்லன். பிழையை உணர்ந்த கணமே உயிரை விட்டவன். ஆயினும் நல்ல மனம் மட்டும் நீதி வழங்கப் போதாது என்பதற்கு அவனே சான்று. ஒருவன் வாய்ச்சொல்லே அங்கே புகாராகவும், சாட்சியாகவும், தீர்ப்பாகவும் ஆகிவிட்டது. அதனால்தான் இக்காலத்து நீதிமுறை இந்த வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. புகார் கொடுப்பவர் ஒருவர். துப்புத் துலக்குபவர் வேறொருவர். வழக்கை நடத்துபவர் ஒருவர். எதிர்த்து வாதாடுபவர் மற்றொருவர். இவர்களில் யாரையும் சாராது தீர்ப்புச் சொல்பவர் இன்னொருவர். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்னும் பழமொழிக்குச் சட்டம் கொடுத்துள்ள உருவமே குற்றவியல் நீதிமுறை எனலாம்.

சினிமாவில் காணும் நீதிமன்றத்திற்கும் உண்மையான நீதிமன்றத்திற்கும் வெகு தூரம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நீங்கள் உண்மையானதை ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டும். நாளை உங்களில் ஒருவர் புகார் கொடுக்க நேரலாம்; ஒருவர் சாட்சி சொல்ல நேரலாம்; செய்யாத குற்றத்திற்காக ஒருவர் பழி சுமக்கவும் நேரலாம்.

குற்றம் என்பது யாது?

கடன் வாங்கியவர் திருப்பித் தரவில்லை, வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை. இவை இருவருக்கிடையே நடக்கும் உரிமையியல் வழக்குகள். திருட்டு, அடிதடி, கொலை போன்றவை அப்படியல்ல. அவை ஒரு மனிதருக்கு இழைக்கப்பட்டாலும், சமுதாயம் முழுவதற்கும் எதிரானவையாகக் கருதப்படுகின்றன. ஆகவேதான் குற்ற வழக்கைப் பாதிக்கப்பட்டவர் தம் கைப்பணத்தில் நடத்த வேண்டியதில்லை, அரசே நடத்துகிறது.

எவை குற்றம், அவற்றுக்கு என்ன தண்டனை என்பதை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் நெடுங்காலம் வகுத்து வந்தது. விசாரணை முறைக்கு 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், சாட்சியத்திற்கு 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் இம்மூன்றின் இடத்தில் முறையே பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் ஆகியவை நடைமுறையில் உள்ளன. பெயர்களும் பிரிவு எண்களும் மாறினாலும் அடிப்படைக் கொள்கைகள் பெரும்பாலும் பழையனவே.

ஓர் உதாரணம்

ஒரு தெருவில் ஒரு வீடு. அவ்வீட்டு அம்மாளின் நான்கு பவுன் சங்கிலி ஒரு சனிக்கிழமை காணாமற்போகிறது. "காலை பத்து மணிக்குக் குளிக்கப் போகும்போது கழற்றி நிலைக்கண்ணாடி அருகே வைத்தேன். வேலைக்காரி அந்த அறையைப் பெருக்கிவிட்டுப் பதினொரு மணிக்குப் போனாள். ஒரு மணிக்குப் பார்த்தால் சங்கிலி இல்லை" என்கிறார் அவர். தெருவே கூடிவிடுகிறது. "அவள்தான் எடுத்திருப்பாள்" என்று எல்லோரும் பேசுகிறார்கள். வேலை செய்த பெண் அழுகிறாள். இது கற்பனை வழக்குத்தான். ஆனால் இத்தகைய பேச்சை நாம் கேட்டதில்லையா? இந்த வழக்கு எந்தெந்தப் படிகளில் ஏறுகிறது என்று பார்ப்போம்.

முதற்படி: முதல் தகவல் அறிக்கை

வீட்டு அம்மாள் காவல் நிலையம் சென்று புகார் கொடுக்கிறார். வாய்மொழியாகச் சொன்னாலும் போலீசார் எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். திருட்டைப் போன்ற, வாரண்டு இன்றிக் கைது செய்யத்தக்க குற்றமாயின், அது முதல் தகவல் அறிக்கையாகப் பதிவாக வேண்டும். அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தரவேண்டும். சில சமயம் சி.எஸ்.ஆர். என்னும் மனு ரசீது மட்டும் தருவதுண்டு. அது மனு வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சியே தவிர, முதல் தகவல் அறிக்கை ஆகாது.

"குற்றம் நடந்த இடம் எங்கள் எல்லையில் இல்லை" என்று கூறிப் புகாரைத் தள்ளவும் கூடாது. எந்த நிலையத்திலும் பதிவு செய்து, உரிய நிலையத்திற்கு அனுப்ப வேண்டும் என்பது இன்று சட்டம். பதிவு செய்ய மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் பலன் இல்லையேல், நீதித்துறை நடுவராகிய மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம்.

முதல் தகவல் அறிக்கை ஒரு தொடக்கமே, தீர்ப்பு அல்ல. அதில் ஒருவர் பெயர் இருப்பதால் அவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.

இரண்டாம் படி: புலனாய்வும் கைதும்

இனி உண்மையைத் தேடுவது போலீசாரின் கடமை. இடத்தைப் பார்வையிடுவர், அக்கம்பக்கத்தாரை விசாரிப்பர், அடகுக் கடைகளில் சங்கிலி வந்ததா என்று கேட்பர். சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணையோ, 15 வயதுக்குட்பட்ட சிறுவனையோ காவல் நிலையத்திற்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்திற்கே சென்று விசாரிக்க வேண்டும்.

புகார் வந்தவுடன் கைது செய்தே தீரவேண்டும் என்பதும் தவறான எண்ணம். ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் அவசியம் என்பதற்குக் காரணம் இருக்க வேண்டும். இல்லையேல் நோட்டீஸ் கொடுத்து அழைத்து விசாரித்தால் போதும். இதனை 2014ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. நமது உதாரணத்து வழக்கும் இவ்வகையைச் சேர்ந்ததே.

கைது செய்தால், காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டும். உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. பெண்ணாயின், சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் கைது செய்யலாகாது. தவிர்க்க முடியாத நிலையில், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றுப் பெண் காவல் அதிகாரியே அதைச் செய்ய வேண்டும். பெண்ணின் உடலைச் சோதனையிட நேர்ந்தால், மற்றொரு பெண்ணே கண்ணியம் கெடாமல் செய்ய வேண்டும்.

"நான்தான் எடுத்தேன்" என்று அந்த வேலைக்காரப் பெண் நிலையத்தில் சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒப்புதலை அவளுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் ஏற்காது. ஏன்? அச்சத்திலும் அடியிலும் பிறக்கும் சொல்லை நம்ப இயலாது என்பதே காரணம். அவள் சொன்ன தகவலைக் கொண்டு சங்கிலியே கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டெடுப்பைப் பற்றிய அளவுக்கு மட்டும் அச்சொல் பயன்படும். தன்னைத் தானே குற்றவாளியாக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று நம் அரசியலமைப்பின் 20ஆவது பிரிவு கூறுகிறது.

மூன்றாம் படி: இருபத்து நான்கு மணி நேரம்

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு அளிக்கும் உரிமை. காவல் நிலையத்தின் நான்கு சுவருக்குள் இருப்பவரை வெளியிலுள்ள நடுநிலையாளர் ஒருவர் நேரில் காண வேண்டும் என்பதே இதன் நோக்கம். அவரிடம், "என்னை அடித்தார்கள்" என்று சொல்லலாம். "எனக்கு வக்கீல் இல்லை" என்றும் சொல்லலாம்.

அடுத்து ஜாமீன். விசாரணைக்குத் தவறாமல் வருவேன் என்னும் உறுதியின் பேரில் வெளியே இருக்க அனுமதிப்பதே ஜாமீன். அது விடுதலை அன்று. குறித்த நாட்களுக்குள் போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிடில், காவலில் உள்ளவர் ஜாமீனை உரிமையாகவே கேட்கலாம். பெரும்பாலான குற்றங்களுக்கு இது 60 நாள். மரணம், ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு 90 நாள்.

இந்த உரிமைகள் ஏட்டில் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பீகார் சிறைகளில் விசாரணையே நடைபெறாமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த ஏழைகளைப் பற்றி 1979ஆம் ஆண்டு செய்தித்தாளில் கட்டுரைகள் வந்தன. குற்றம் நிரூபணமாகியிருந்தாலும் அத்தனை காலம் தண்டனை கிடைத்திராது என்னும் அளவுக்குச் சிலர் உள்ளே இருந்துவிட்டனர். ஜாமீனுக்குக் கட்டப் பணம் இல்லை, வக்கீல் இல்லை, அவ்வளவுதான் காரணம். கட்டுரையைப் படித்த கபிலா ஹிங்கொரானி என்னும் பெண் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். கைதிகளுள் ஒருவரான ஹுசைனாரா காத்தூன் பெயரால் அவ்வழக்கு அழைக்கப்படுகிறது. விரைவான விசாரணை என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று நீதிமன்றம் கூறிற்று. ஆயிரக்கணக்கானோர் விடுதலை பெற்றனர். பத்திரிகை படிப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஆயினும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2022ஆம் ஆண்டு இறுதியின் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விசாரணைக் கைதிகளே.

வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோருக்கு இலவசச் சட்ட உதவி வழங்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்கிறது. பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவாயினும் இதனைப் பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நம் உதாரணத்து வேலைக்காரப் பெண்ணுக்கு இதனை யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டுமல்லவா? அதை நீங்களே சொல்லலாம்.

நான்காம் படி: நீதிமன்றம்

புலனாய்வு முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கலாகிறது. அதன் நகலும் இணைந்த ஆவணங்களும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். தனக்கு எதிராக என்ன சொல்லப்படுகிறது என்று தெரியாமல் ஒருவர் எப்படிப் பதில் சொல்வார்?

நமது வழக்கு போன்றவை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடைபெறும். கொலை போன்ற கொடிய குற்றங்கள் அமர்வு நீதிமன்றத்திற்குச் செல்லும். அரசுத் தரப்பில் அரசு வழக்கறிஞர் இருப்பார். எதிர்த் தரப்பில் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர். நடுவில் நீதிபதி. சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறுவர். முதலில் அவரை அழைத்த தரப்பு கேட்கும். பிறகு எதிர்த் தரப்பு குறுக்கு விசாரணை செய்யும்.

குறுக்கு விசாரணை என்றால் சாட்சியை மிரட்டுவது என்று பலர் எண்ணுகின்றனர். அது உண்மையை உரைத்துப் பார்க்கும் உரைகல். திருவிவிலியத்தில் தானியேல் ஆகமத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் சூசன்னாவின் வரலாறு வருகிறது. முதியோர் இருவர் சேர்ந்து அவள்மீது பொய்ப்பழி சுமத்தினர். மக்கள் நம்பிவிட்டனர். இளைஞராகிய தானியேல் அவ்விருவரையும் பிரித்து வைத்து, "எந்த மரத்தடியில் கண்டீர்?" என்று தனித்தனியே கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறு மரத்தைச் சொன்னார். பொய் வெளியாயிற்று. ஒரே ஒரு கேள்வி ஓர் உயிரைக் காத்தது.

நம் வழக்கிலும் அப்படி ஒன்று நடக்கிறது. எதிர்வீட்டில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள். அன்று பன்னிரண்டு மணிக்கு வாசலில் கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த வீட்டு அம்மாளின் கழுத்தில் அச்சங்கிலியை அவள் பார்த்திருக்கிறாள். வேலைக்காரப் பெண்ணோ பதினொரு மணிக்கே போய்விட்டாள்! வீட்டு அம்மாள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. வழக்கமாகக் கழற்றி வைப்பதை அன்றும் வைத்ததாக நினைத்துவிட்டார். மனித ஞாபகம் அத்தகையது. மாணவியின் சாட்சியம் வந்ததும் வழக்கின் போக்கே மாறிவிடுகிறது.

சிறுமி சாட்சி சொல்லலாமா எனில், தாராளமாகச் சொல்லலாம். கேள்வியைப் புரிந்துகொண்டு தக்க பதில் சொல்லக்கூடிய எவரும் சாட்சி ஆகலாம். வயது ஒரு தடையன்று. தமிழிலேயே சொல்லலாம். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னால் போதும்.

குற்றம் சாட்டப்பட்டவர் தாம் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்பதே பொது விதி. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. அதுவும் நியாயமான சந்தேகத்திற்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சந்தேகம் எஞ்சினால் அதன் பலன் எதிரிக்கே. இதனால் குற்றவாளிகள் சிலர் தப்பிவிடக் கூடும் என்பது மெய்தான். ஆனால் நிரபராதி ஒருவரைச் சிறைக்கு அனுப்பினால் தவறு இரண்டாகிறது: அவர் வாழ்வு கெடுகிறது; உண்மைத் திருடன் வெளியே உலவுகிறான்.

ஐந்தாம் படி: தீர்ப்பு

குற்றம் நிரூபணமாகாவிடில் விடுதலை. நிரூபணமானால், தண்டனை விதிக்கும் முன் அது குறித்து அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். முதன்முறை, சிறு குற்றம் எனில், 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடப்பேன் என்ற உறுதிமொழியின் பேரில் விடவும் இடமுண்டு. மேல்முறையீடும் உண்டு: மாஜிஸ்திரேட் தீர்ப்பின்மீது அமர்வு நீதிமன்றம், பிறகு சென்னை உயர் நீதிமன்றம் அல்லது 2004 முதல் இயங்கிவரும் அதன் மதுரைக் கிளை, இறுதியாக உச்ச நீதிமன்றம். அமர்வு நீதிபதி மரண தண்டனை விதித்தால், உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. ஒருவர் தவறினும் மற்றொருவர் திருத்த வேண்டும் என்னும் எச்சரிக்கையே இதற்குக் காரணம்.

சிறுவர் சிறுமியருக்கு

குற்றம் செய்ததாகக் கூறப்படுபவர் 18 வயதுக்குட்பட்டவராயின், அவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. மாஜிஸ்திரேட் ஒருவரும், ஒரு பெண்ணேனும் உள்ளிட்ட சமூக சேவகர் இருவரும் அடங்கிய இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். தண்டிப்பதைவிடத் திருத்துவதே அங்கே முதன்மை. மிகக் கொடிய குற்றங்களில் 16 வயது நிரம்பியவரைப் பற்றி மட்டும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் தனி விதி செய்துள்ளது.

பாலியல் தீங்குக்கு ஆளான குழந்தைகளுக்கென 2012இல் போக்சோ சட்டம் வந்தது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயோ, அவள் விரும்பும் இடத்திலேயோ, கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இன்றிப் பதிவு செய்ய வேண்டும். பெயரோ, பள்ளியோ, படமோ பத்திரிகையில் வரலாகாது. அறிந்தும் மறைப்பவர் பெற்றோராயினும், ஆசிரியராயினும், நிறுவனத் தலைவராயினும் அது குற்றமாகும். "குடும்ப மானம்", "பள்ளியின் பெயர்" என்று மூடி மறைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த அவசரத்திற்கும் 112 ஆகிய எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையம் இன்று தமிழகமெங்கும் பரவியுள்ளது, அங்கும் செல்லலாம்.

சட்டம் தவறினால்?

நீதிமன்றமும் மனிதரால் ஆனதே. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஓர் ஏழைப் பழங்குடிப் பெண் காவல் நிலையத்திலேயே மானபங்கம் செய்யப்பட்டாள். உடலில் காயமில்லை, அவள் எதிர்க்கவில்லை என்று கூறி 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுதலை செய்தது. 1979இல் சட்டப் பேராசிரியர் நால்வர் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அச்சத்தால் அடங்கிப் போவது சம்மதம் ஆகுமா என்று அவர்கள் கேட்டனர். நாடெங்கும் பெண்கள் கிளர்ந்தெழுந்தனர். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு அதனால் நீதி கிடைத்துவிடவில்லை. ஆனால் அவளுக்குப் பின் வந்தோருக்கு ஒரு கவசம் கிடைத்தது. தீர்ப்பை மதிப்பது கடமை. அதனை ஆராய்ந்து, தவறெனில் எடுத்துரைப்பதும் குடிமக்களின் உரிமையே.

நாம் செய்யக்கூடியது

இத்தனை படிகளும், இத்தனை விதிகளும் இருந்தும், நம் கற்பனை வழக்கில் உண்மை எதனால் வெளிவந்தது? ஒரு மாணவி தான் கண்டதைச் சொன்னதால். "நமக்கேன் வம்பு? கோர்ட்டு, கச்சேரி என்று பெண் பிள்ளை அலைவதா?" என்று அவள் வீட்டார் தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெற்றோர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். சாட்சி சொல்வது வம்பு அன்று. அயலாருக்குச் செய்யும் அறம்.

மாணவியர் நாள்தோறும் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வகுப்பில் ஒரு பேனாவோ, கட்டணப் பணமோ காணாமற்போனால், ஏழைப் பிள்ளையின் பையை முதலில் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். செய்தித்தாளில் "கைது" என்று படித்ததும் "குற்றவாளி" என்று சொல்லாதீர்கள். "குற்றம் சாட்டப்பட்டவர்" என்று சொல்லிப் பழகுங்கள். யார் மேலேனும் பழி வரும்போது, "நீ பார்த்தாயா? எப்போது பார்த்தாய்? அவளைக் கேட்டாயா?" என்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உங்களுள் சிலர் நாளை வழக்கறிஞராகவும், காவல் அதிகாரியாகவும், நீதிபதியாகவும் வரக்கூடும். வந்தாலும் வராவிட்டாலும், இந்த மூன்று கேள்விகளை மறவாதிருந்தால், உங்களைச் சுற்றியுள்ளோர் அஞ்சாமல் வாழ்வர்.